மருந்துக்கு முன் நீர்

தொட்டி மீன் அசையாது கிடந்தாலோ மேற்பரப்பில் வாய் பிளந்தாலோ, தாமதமின்றி மருந்திடுவதே பாதுகாப்பு என வண்ணமீன் வளர்ப்போர் பலர் முன்வைக்கும் வாதம், நடத்தையையே நோயாக எண்ணிவிடும் பிழையிலிருந்து பிறப்பதாகும். கெலாங் பாத்தாவை ஒட்டிய சுங்கை பூலாய் முகத்துவாரத்தின் கடற்புல் படுகைகளில் வாழும் கடற்குதிரை, வாலால் புல்லைப் பற்றியபடி நெடுநேரம் அசையாதிருப்பது அதன் இயல்பேயன்றிப் பிணியன்று. பேத்தா மீனும், தலையிலுள்ள லாபிரிந்த் என்னும் காற்றுச் சுவாச உறுப்பு இருப்பதாலேயே, மேலே வந்து காற்றை விழுங்குகிறது. கப்பி மீன்கள் கூட்டமாக மேற்பரப்பில் மூச்சுத் திணறினாலோ, உயிர்வளிக் குறைவையோ செவுள் பாதிப்பையோதான் முதலில் ஐயுற வேண்டும்.

தாமதம் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் நீரைச் சோதிக்கச் சில நிமிடங்களே போதும். 28 பாகை செல்சியஸ் நன்னீரில், அமில காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் 7இலிருந்து 8க்கு உயரும்போது, மொத்த அம்மோனியாவில் மீனுக்குப் பெரிதும் நஞ்சாகும் அயனியாகாத பங்கு ஏறத்தாழ 0.7 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகிறது. ஆகவே பிஎச் அறியாமல் அம்மோனியா அளவை மட்டும் படிப்பதும் பயனற்றது. இந்நிலையில் கண்மூடித்தனமாக இடப்படும் நுண்ணுயிர்க்கொல்லி, அம்மோனியாவைச் சிதைக்கும் வடிகட்டி பாக்டீரியாக்களையும் அழித்து, மீனைத் துன்புறுத்தும் நஞ்சையே பெருக்கக்கூடும். உடலில் வெண்புள்ளிகள் தெளிவாகத் தெரியுமிடத்து மருந்து தேவையே. அவை இல்லாதபோது, குளோரின் நீக்கிய நீரால் ஒரு பகுதியை மாற்றிக் காற்றோட்டத்தைக் கூட்டுவதே முதற் சிகிச்சையாகும்.