உழைத்தவர் பெயர் எங்கே?

மூலனூரில் பருத்தி ஏலம் நடக்கிறது. திருப்பூர் மாவட்டத்து உழவர்கள் வருகிறார்கள். பக்கத்திலுள்ள கரூர், திண்டுக்கல் மாவட்டத்து உழவர்களும் வருகிறார்கள். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் இறங்குகின்றன. எடை போடுகிறார்கள். யாருடைய பருத்தி, எத்தனை மூட்டை என்று பெயரோடு எழுதிக்கொள்கிறார்கள். பிறகுதான் வியாபாரிகள் விலை கேட்கிறார்கள்.

ஒருவர் கொண்டுவந்த மூட்டைக்கு இன்னொருவர் பெயரை எழுதிவிட்டால் என்ன ஆகும்? கூடமே இரண்டுபடும். "வெயிலில் நின்றவன் ஒருவன், பணம் வாங்குகிறவன் வேறொருவனா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நியாயமானது.

பருத்திக்கு உள்ள இந்த நியாயம் படிப்புக்கும் வேண்டும் அல்லவா? பல இடங்களில் அது இல்லை என்பதுதான் வருத்தம்.

பனியன் கம்பெனியில் வேலை செய்யும் தாய்மார்களின் பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள். மில் தொழிலாளியின் மகள் எம்.எஸ்ஸி. முடித்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். இது பெருமைப்படவேண்டிய காலம். ஆகவே, ஆராய்ச்சி உலகத்தின் நியாய அநியாயம் இனி பேராசிரியர்களின் விஷயம் மட்டும் அல்ல. நம் வீட்டு விஷயம்.

ஆராய்ச்சிக் கட்டுரை என்றால் என்ன?

சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு மாணவி புது வழி தேடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகள் பாடுபடுகிறாள். நூறு முறை சோதிக்கிறாள். கண்டதைக் கட்டுரையாக எழுதி ஆராய்ச்சி இதழுக்கு அனுப்புகிறாள். அந்தத் துறை தெரிந்த வேறு சிலர் அதைப் படித்துப் பார்க்கிறார்கள். குறை இருந்தால் திருத்தச் சொல்கிறார்கள். சரியாக இருந்தால் இதழில் அச்சாகிறது.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே பெயர்கள் இருக்கும். அதுதான் ஆராய்ச்சியாளரின் கூலி. வேலை கிடைப்பது, பதவி உயர்வது, வெளிநாடு போவது எல்லாம் அந்தப் பெயரை வைத்துத்தான்.

இப்போது அந்த மாணவியின் கட்டுரை வீட்டுக்கு வருகிறது. தகப்பனார் புரட்டிப் பார்க்கிறார்.

"ஏங் கண்ணு, ராத்திரி பகலா முழிச்சு நீ எழுதினே. மேல யாரு பேரு இது?"

"ஆய்வுக்கூடத்துக்குப் பெரியவருங்கப்பா. அவரு பேரையும் போடறது வழக்கம்."

"அவரு என்ன செஞ்சாரு?"

மகள் பதில் சொல்லவில்லை.

அந்த மௌனத்தில்தான் அநியாயம் ஒளிந்திருக்கிறது.

நான்கு அநியாயங்கள்

முதல் அநியாயம், உழைத்தவர் பெயரை விட்டுவிடுவது. இரண்டாவது, உழைக்காதவர் பெயரைச் சேர்ப்பது. மேலதிகாரி என்பதற்காக ஒரு பெயர், நண்பர் என்பதற்காக ஒரு பெயர். மூன்றாவது, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதித் தமது என்பது. நான்காவது, பணம் கொடுத்துக் கட்டுரையையே விலைக்கு வாங்குவது. ஆம், அப்படியும் வியாபாரம் நடக்கிறது! உலகமெங்கும் 2023ஆம் ஆண்டில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை இதழ்கள் திரும்பப் பெற்றன. அவற்றில் ஏராளமானவை போலிக் கட்டுரைகள்.

வழிகாட்டும் பேராசிரியர் பெயரே வரக்கூடாது என்று சொல்லவில்லை. யோசனை தந்தவர், தவறு திருத்தியவர், கூட இருந்து எழுதியவர் என்றால் அவர் பெயர் கட்டாயம் வரவேண்டும். அது அவருடைய உரிமை.

யார் பெயர் வரலாம் என்பதற்கு உலக மருத்துவ இதழாசிரியர்களின் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. ஆராய்ச்சியில் முக்கியமான பங்கு இருக்கவேண்டும். எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு இருக்கவேண்டும். அச்சுக்குப் போகும் முன் கடைசி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டிருக்கவேண்டும். நாளைக்குக் குற்றம் கண்டால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கவேண்டும். நான்கும் இருந்தால்தான் பெயர். சிறு உதவி செய்தவருக்குக் கட்டுரையின் முடிவில் நன்றி சொன்னால் போதும்.

கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். மூட்டைக்குள் ஈரப் பருத்தி இருந்தால், பெயருக்கு உரியவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். கட்டுரையும் அப்படியே. பெயர் என்பது கூலி மட்டும் அல்ல. பிணையும் அதுதான்.

ஈரோட்டில் பிறந்தவர் காட்டிய வழி

மூலனூருக்கு வெகுதூரம் இல்லை ஈரோடு. அங்கே 1887 டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். சென்னைத் துறைமுகத்தில் அவர் குமாஸ்தாவாக இருந்தார். 1913 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தாம் கண்டுபிடித்த சூத்திரங்களை அதில் வரிசையாக எழுதி அனுப்பினார்.

ஹார்டி புகழ் பெற்றவர். ராமானுஜனோ பட்டம் இல்லாத குமாஸ்தா. அந்தச் சூத்திரங்களைத் தம் பெயரில் அச்சிட்டிருந்தால் ஹார்டியைக் கேட்க ஆள் ஏது? அவர் அப்படிச் செய்யவில்லை. ராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்தார். ராமானுஜனின் கட்டுரைகள் ராமானுஜன் பெயரிலேயே வந்தன. சேர்ந்து உழைத்ததற்கு இருவர் பெயரும் சேர்ந்து வந்தன. ராமானுஜன் 1920இல், 32 வயதில் காலமானார். 1927இல் அவருடைய கட்டுரைகள் முழுவதும் ஒரே நூலாக வந்தபோது, அதைத் தொகுத்தவர்களில் ஹார்டியும் ஒருவர்.

ராமானுஜன் செய்தது இன்னும் அருமையானது. ஹார்டிக்கு அனுப்பிய சூத்திரங்களில் சிலவற்றுக்கு அவரிடம் நிரூபணம் இல்லை. 1917இல் பழைய இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். 1894இல் ரோஜர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. அதே சூத்திரங்கள்! நிரூபணத்தோடு இருந்தன. அந்தக் கட்டுரையை அதுவரை எவரும் கவனிக்கவில்லை.

ராமானுஜன் பக்கத்தை மூடி வைத்துவிடவில்லை. வியந்தார். ரோஜர்ஸை மனமாரப் பாராட்டினார். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து ஏற்பட்டது. 1919இல் இருவருடைய நிரூபணங்களும் சேர்ந்து அச்சாயின. இன்று உலகம் அவற்றை "ரோஜர்ஸ்-ராமானுஜன்" சமன்பாடுகள் என்றே சொல்கிறது. மறந்துபோன ஒருவரின் பெயர் முதலில் நிற்கிறது. அதனால் ராமானுஜன் பெயர் குறைந்துவிட்டதா? இல்லை, உயர்ந்தது!

பெயரை அச்சில் போடுவதன் பலனுக்குச் சென்னையிலேயே இன்னொரு சான்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் புரதங்களின் அமைப்பை ஆராய்ந்தார். 1963இல் வந்த கட்டுரையில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் என்று மூன்று பெயர்கள். உலகம் அதைச் சுருக்கமாக "ராமச்சந்திரன் வரைபடம்" என்கிறது. ஆனாலும் மற்ற இருவரின் உழைப்பை எவரும் மறைக்க முடியாது. அச்சில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் விதிகள் கொண்டுவந்தது. ஆராய்ச்சி மாணவரின் ஏட்டில் 10 சதவீதம் வரை பிறர் எழுத்தோடு ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால், 6 மாதத்துக்குள் திருத்தித் தரவேண்டும். 40க்கு மேல் 60 வரை போனால், ஓராண்டு தடை. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. ஆசிரியருக்கும் தண்டனை உண்டு. அவருடைய கட்டுரையில் 40 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்து இருந்தால் ஆண்டுச் சம்பள உயர்வு போகும். புது மாணவர்களுக்கு வழிகாட்டவும் தடை வரும். பார்த்து எழுதியதைக் கண்டவர்கள், சான்றோடு துறையின் விசாரணைக் குழுவிடம் புகார் தரலாம். குழு 45 நாட்களில் அறிக்கை தரவேண்டும்.

போலி இதழ்களையும் மானியக் குழு களைந்தது. 2018 மே மாதம் 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை அச்சாகியே தீரவேண்டும் என்ற கட்டாயத்தையும் 2022இல் எடுத்துவிட்டது. நல்ல இதழ்கள் எவை என்று தானே வெளியிட்டுவந்த பட்டியலை 2025இல் கைவிட்டது. இனி நல்லது கெட்டது பார்ப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

ஆனால் ஒன்று. பார்த்து எழுதியதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும். விடுபட்ட பெயரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. அதற்கு மனிதருடைய மனச்சாட்சிதான் வேண்டும்.

செய்யவேண்டியது

பேராசிரியர்கள் வேலை தொடங்கும் நாளிலேயே மாணவர்களை உட்காரவைத்துப் பேசவேண்டும். யார் எதைச் செய்வது, யார் பெயர் எந்த இடத்தில் வருவது என்று எழுதிவைக்கவேண்டும். நடுவில் வேலை மாறினால் அதையும் மாற்றி எழுதவேண்டும்.

மாணவர்கள் தினசரி வேலையைத் தேதி போட்டு நோட்டில் எழுதவேண்டும். பிறர் சொன்னதை எடுத்தால் அவர் பெயரைச் சொல்லவேண்டும். "பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் அச்சிடுகிறோம்" என்று வரும் அழைப்பை நம்பக்கூடாது. ஒரே வாரத்தில் யார் படித்துப் பார்த்திருப்பார்கள்?

கல்லூரிகள், கட்டுரைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பதவி தருவதை நிறுத்தவேண்டும். மூட்டைகளை எண்ணினால் மட்டும் போதுமா? பிரித்துப் பார்க்கவேண்டாமா?

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. பிள்ளை கட்டுரையோடு வரும்போது, "எத்தனை கட்டுரை?" என்று கேட்கவேண்டாம். "இதில் நீ செய்தது என்ன?" என்று கேளுங்கள். பொய்ப் பெயரோடு வரும் பட்டத்தைவிட, தாமதமாக வரும் மெய்யான பட்டம் மேல்.

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வழி மெய்யாக இருந்தால்தான் ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடும். மருந்தைப் பற்றிய கட்டுரை மெய்யாக இருந்தால்தான் நோய் தீரும். பொய்க் கட்டுரையின் நஷ்டம் கடைசியில் ஊருக்குத்தான்.

மூலனூர் உழவர் தம் மூட்டைக்குத் தம் பெயரைக் கேட்கிறார். அந்த மூட்டைக்குப் பதிலும் சொல்கிறார். படித்தவர்களும் அந்த அளவுக்கு நடந்துகொண்டால் போதும்.