நிக்கும்போது எப்படி நிக்குது?

எங்க ஊர் திருப்புலிவனத்துல கடல் கிடையாது. உத்திரமேரூர்லருந்து காஞ்சிபுரம் போற ரோட்டுல, ஏரியும் நெல்லு வயலுமா இருக்கிற ஊர். அங்க பம்ப்செட் தொட்டிக்குள்ள ஒரு படகு இன்ஜினை இறக்கி ஓட்டினோம்னு சொன்னா சிரிப்பீங்க. ஊர்லயும் சிரிச்சாங்க.

இன்ஜின் என் ரூம்மேட்டோட அப்பாவுது. சதுரங்கப்பட்டினம் பக்கத்துல ஃபைபர் படகு வச்சிருக்கார். படகுக்குப் பின்னாடி மாட்டுற பழைய அவுட்போர்டு, டூ ஸ்ட்ரோக், பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓட்டறது. கயிறு இழுத்தா உடனே ஸ்டார்ட் ஆகும், ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடும். கொஞ்ச நேரம் விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிக்கும். அவர் கழட்டி வச்சுட்டு வேற இன்ஜின் வாங்கிட்டார். நாங்க ஃபைனல் இயர் மெக்கானிக்கல் ஆச்சே! அவர்கிட்ட ஒரு கேள்வி கூட கேக்காம, பொங்கல் லீவுக்கு டாடா ஏஸ்ல ஏத்திக்கிட்டு வந்துட்டோம்.

தொட்டி எதுக்குன்னா, அவுட்போர்டைத் தண்ணி இல்லாம ஓட்டக் கூடாது. கீழ இருக்கிற ரப்பர் இம்பெல்லர்தான் தண்ணியை இழுத்து இன்ஜினைக் குளிர வைக்குது. காய்ஞ்சு ஓடினா அந்த ரப்பரே கருகிடும். பக்கவாட்டுல ஒரு சின்ன ஓட்டையிலருந்து தண்ணி பீய்ச்சணும். அது வரலைன்னா உடனே ஆஃப்.

முதல் நாள் நாங்க செஞ்சதை வெக்கத்தோட எழுதறேன். புது பிளக் போட்டோம். நின்னுச்சு. யூடியூப் பாத்து கார்புரேட்டரைக் கழட்டி ஜெட்டை ஊதினோம். நின்னுச்சு. திரும்பவும் கழட்டினோம். சாயங்காலம் 'காயிலா இருக்கும், மாத்தணும்'னு தீர்ப்பு சொல்லி, ஆன்லைன்ல விலை பாத்து அதிர்ச்சியாகிப் படுத்தோம்.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. ஸ்டார்ட் ஆன உடனே மண்ணெண்ணெய்க்கு மாத்தினோம், முக்கி முக்கி உடனே நின்னுச்சு. 'டியூப் அடைப்பு'ன்னு டியூபைக் கழட்டினோம். அடைப்பே இல்ல. மண்ணெண்ணெயோட ஃப்ளாஷ் பாயின்ட் 35 டிகிரிக்கு மேல, பெட்ரோலுக்கு மைனஸ் 40 பக்கத்துல. சில்லுனு இருக்கிற இன்ஜினுக்குள்ள மண்ணெண்ணெய் சரியா ஆவியாகாது. அதனாலதான் பெட்ரோல்ல ஓட்டி இன்ஜின் நல்லா சூடானப்புறம் மாத்தறாங்க. நிறுத்தறதுக்கு முன்னாடியும் பெட்ரோலுக்கு மாத்திடறாங்க, அடுத்த ஸ்டார்ட்டுக்குக் கார்புரேட்டர்ல பெட்ரோல் இருக்கணும்னு. ஃப்ளாஷ் பாயின்ட் டெஸ்ட் நம்ம தெர்மல் லேப்ல பண்ணினதுதான். ரெக்கார்டுல அழகா டேபிள் போட்டு கையெழுத்து வாங்கியிருக்கேன். அந்த நம்பரும் கண்ணு முன்னாடி செத்துப்போற இன்ஜினும் ஒரே விஷயம்னு எனக்குத் தோணவே இல்ல. இந்தக் கட்டுரை எழுத உண்மையான காரணம் இதுதான்.

மறுநாள் காலையில சித்தப்பா வயலுக்குப் போற வழியில வந்து நின்னார். அவருக்கு அவுட்போர்டு தெரியாது. கரண்ட் மோட்டார் வர்றதுக்கு முன்னாடி ஆயில் இன்ஜின் வச்சுத் தண்ணி இறைச்சவர். பாகம் பாகமா சாக்கு மேல பரப்பி வச்சிருந்ததைப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டார்.

"டேய், அது நிக்கும்போது எப்படிடா நிக்குது? படக்குனு நிக்குதா, மூச்சு வாங்கி நிக்குதா?"

ரெண்டு பேரும் முழிச்சோம். பத்து தடவை நின்னிருக்கு. ஒரு தடவை கூட நாங்க அதைக் கவனிக்கல. நின்ன அடுத்த நொடி கையில ஸ்பேனர் எடுத்துட்டோம்.

திரும்ப மாட்டி, பெட்ரோல்லயே ஓட்டி, இந்த முறை கையைக் கட்டிக்கிட்டு கேட்டோம். ரெண்டு நிமிஷம் சீரா ஓடுச்சு. அப்புறம் சத்தம் இறங்குச்சு, ஒரு தடவை ஏறுச்சு, திரும்ப இறங்கி, திணறி நின்னுச்சு. "எண்ணெய் போகல"ன்னு சொல்லிட்டு சித்தப்பா கிளம்பிட்டார்.

யோசிச்சுப் பாருங்க, ஸ்டார்ட் ஆகி நிக்கிற இன்ஜின் ஏற்கெனவே பாதி பதில் சொல்லிடுச்சு. கம்ப்ரெஷன் இருக்கு. ஆரம்பத்துல ஸ்பார்க்கும் எரிபொருளும் இருந்திருக்கு. அப்போ கேள்வி, ஸ்டார்ட் ஆனதுக்கும் நின்னதுக்கும் நடுவுல எது மாறுச்சு என்பது மட்டும்தான். சுவிட்ச் போட்ட மாதிரி படக்குனு நின்னா பெரும்பாலும் கரண்ட் பக்கம்: கில் சுவிட்ச், லூஸ் வயர், சூடானா மட்டும் வேலை நிறுத்தற காயில். காயிலா இருந்தா ஆறினப்புறம் டெஸ்ட் பண்ணிப் பிரயோஜனம் இல்ல, நின்ன அந்த நொடியே ஸ்பார்க் பாக்கணும். பிளக்கையும் அப்பவே கழட்டிப் பாக்கணும். நனைஞ்சிருந்தா எரிபொருள் வந்திருக்கு, எரியல. காய்ஞ்சிருந்தா எரிபொருளே வரல. எங்க பிளக் காய்ஞ்சு இருந்தது.

திணறி நின்னா, கார்புரேட்டருக்கு முன்னாடி டேங்க்லருந்து வரணும். மூடியில இருக்கிற காத்துத் திருகு மூடியிருந்தாலே போதும், பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்ல வெற்றிடமாகி சப்ளை நின்னுடும். எங்களுது திறந்துதான் இருந்தது. அடுத்தது பெட்ரோல். ரெண்டு வருஷப் பழசை முதல் நாளே கொட்டிட்டோம், அது ஒண்ணுதான் நாங்க உருப்படியா செஞ்சது. இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு தாண்டினா தண்ணியோட சேர்ந்து அடியில தனியா பிரிஞ்சு நிக்கும். கடல் காத்துல வைக்கிற டேங்க்ல இது சின்ன விஷயம் இல்ல. கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு வச்சா தெரிஞ்சிடும்.

டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவுல டியூப்ல ஒரு ரப்பர் பல்ப் இருக்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அமுக்கறது. இன்ஜின் திணற ஆரம்பிச்சப்போ ரூம்மேட் அதை அமுக்கினான். சத்தம் ஏறுச்சு. நிறுத்தினான், இறங்குச்சு. அஞ்சு நிமிஷம் அமுக்கிக்கிட்டே ஓட்டினோம், நிக்கவே இல்ல! பம்ப் செய்ய வேண்டிய வேலையை அவன் கை செஞ்சது. இந்த மாதிரி சின்ன டூ ஸ்ட்ரோக்ல எரிபொருள் பம்ப்புக்குத் தனி மோட்டார் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிராங்க்கேஸ்ல அழுத்தம் மாறும்ல, அந்தத் துடிப்புல ஒரு மெல்லிய டயாபிரம் அசைஞ்சு பெட்ரோலை இழுக்குது. அந்த டயாபிரம் விறைச்சு, ஓரத்துல கிழிஞ்சிருந்தது. கார்புரேட்டர் கிண்ணத்துல இருந்த பெட்ரோல் தீர்ற வரைக்கும் ஓடியிருக்கு. அதுதான் அந்த ரெண்டு நிமிஷக் கணக்கு.

ரூம்மேட் பெருமையா அப்பாவுக்கு போன் போட்டான். "டயாபிரம்தானே? தெரியும்டா, அதான் கழட்டி வச்சேன். நீ கேக்கவே இல்லியே" என்றார். ஸ்பீக்கர்ல இருந்தது, நானும் கேட்டேன்.

சித்தப்பா கேட்ட கேள்வியை நாலு வருஷத்துல எந்த வைவாவிலயும் யாரும் நம்மகிட்ட கேட்டதில்ல. ஏன்னா லேப் இன்ஜின் நிக்கிறதே இல்ல. நாம போறதுக்கு முன்னாடியே அட்டெண்டர் அண்ணன் ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சுடுவார். நாம போய் ரீடிங் எடுப்போம், போன வருஷ ரெக்கார்டுல இருக்கிற வேல்யூவுக்குப் பக்கத்துல வரலைன்னா 'சரி' பண்ணுவோம். ஹீட் பேலன்ஸ் ஷீட் தப்பில்லாம போடுவோம். 'அப்சர்வேஷன் நோட்'னு ஒண்ணு வாரா வாரம் கொடுக்கறோம், அதுல நம்ம காதால கேட்டது, கண்ணால பாத்தது எவ்வளவு இருக்குன்னு நீங்களே புரட்டிப் பாருங்க.

'எல்லாம் இ.வி. ஆகப் போகுது, இந்தப் பழைய கார்புரேட்டர் எதுக்கு'ன்னு கேப்பீங்க. என் கிளாஸ்ல பாதிப் பேர் கேட்டாச்சு. பேட்டரி வண்டியும் ஓடி, சூடாகி, நிக்கத்தான் செய்யுது. அங்கயும் எப்போ, எப்படி நின்னதுன்னு கவனிச்சவங்களுக்குத்தான் முதல்ல பிடிபடும். அது போக, கரையிலருந்து பல கிலோமீட்டர் தள்ளி, காத்து உள்பக்கமா தள்ளும்போது இன்ஜின் திணறினா, ரூம்மேட்டோட அப்பா பல்பை அமுக்கிக்கிட்டே கரைக்கு வந்துடுவார். நானா இருந்தா நடுக்கடல்ல கார்புரேட்டரைக் கழட்டியிருப்பேன்.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு வேண்டுகோள் எழுதிக் கொடுத்திருக்கேன். செமஸ்டருக்கு ஒரு லேப், ஓடாத இன்ஜினோட. யாராவது வேணும்னே ஒரு கோளாறு வைக்கட்டும். முதல் அரை மணி நேரம் ஸ்பேனரைத் தொடக் கூடாது, கேட்டதையும் பாத்ததையும் மட்டும் எழுதணும். மார்க் அதுக்குத்தான். பதில் இன்னும் வரல.

வொர்க்‌ஷாப் பின்னாடி தகரக் கொட்டாய்ல ஒரு பழைய மொபெட் இன்ஜின் கிடக்கு. அதுவும் டூ ஸ்ட்ரோக்தான், அதுவும் ஸ்டார்ட் ஆகி நிக்குதுன்னு அட்டெண்டர் அண்ணன் சொன்னார். சனிக்கிழமை மதியம் நாங்க ரெண்டு பேரும் அங்க இருப்போம். வர்றவங்க பழைய துணியும் ஒரு நோட்டும் கொண்டு வாங்க. ஸ்பேனர் நாங்க வச்சிருக்கோம், ஆனா 3 மணி வரைக்கும் தர மாட்டோம்.