எத்தனை பாட்டு என்பதா கணக்கு?

"இதில் புதுப் பாட்டு எத்தனை?"

மிக்ஸ்டேப் ஒன்று கைக்கு வந்தவுடன் கேட்போர் எழுப்பும் முதற்கேள்வி இதுதான். 1990களில் நியூயார்க் நகரத்துக் கடைகளில் ஒலிநாடாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்த இளைஞர்கள் இதையே கேட்டனர். சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பெரியப்பா மகனும் என்னிடம் இதையே கேட்டார். "எல்லாம் பழைய பாட்டு. இதைப் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறாயே!" என்று அண்ணன் சிரித்தபோது எனக்குச் சட்டென்று விடை சொல்லத் தெரியவில்லை. அவருடைய அளவுகோல் தவறு என்று மனம் சொல்லியது. ஏன் தவறு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தோழியருள் பலருக்கு மிக்ஸ்டேப் என்னும் சொல்லே புதிதாக இருக்கலாம். பல பாடகர்களின் ஹிப்-ஹாப் பாடல்களை ஒருவர் தேர்ந்தெடுத்து, வரிசைப்படுத்தி, ஒன்றோடொன்று இடைவெளியின்றி இணைத்துப் பதிவு செய்த தொகுப்பே மிக்ஸ்டேப். அந்த ஒருவரை டி.ஜே. என்பர். அவர் பெரும்பாலும் பாடுவதில்லை. வீணையோ பியானோவோ வாசிப்பதுமில்லை. பிறர் செய்த இசைத்தட்டுகளே அவருக்குக் கருவி. 'பிறர் சமைத்ததைப் பரிமாறுகிறவருக்கு என்ன பெருமை?' என்று கேட்கத் தோன்றும். ஒரு பந்தியிலாவது நின்று பரிமாறிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இக்கலையின் தொடக்கத்தில் ஒரு மாணவி இருக்கிறாள் என்பது நம் பள்ளி மலரில் குறிக்கத்தக்கது. 1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520 ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் சிண்டி கேம்பெல் என்னும் பெண் ஒரு நடன விருந்து நடத்தினாள். பள்ளி திறக்குமுன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டும் என்பதே அவள் நோக்கம். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 சென்ட். ஆண்களுக்கு 50 சென்ட். (இந்த ஏற்பாட்டை நம் வகுப்பில் எவரும் குறை சொல்ல மாட்டார்கள் என நம்புகிறேன்.) இசைத்தட்டு இயக்கும் பொறுப்பைத் தன் அண்ணன் கிளைவிடம் ஒப்படைத்தாள். ஜமைக்காவில் பிறந்த அவரே பின்னர் கூல் ஹெர்க் என்று பெயர் பெற்றவர். ஒரு பாட்டில் குரல் ஓய்ந்து முழவோசை மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் ஆடுவோர் துள்ளுகிறார்கள் என்பதை அவர் கண்டுகொண்டார். ஒரே இசைத்தட்டின் இரு படிகளை இரு சுழற்கருவிகளில் வைத்து, அந்தச் சில நொடிகளை மாறி மாறி ஒலிக்கச் செய்து நிமிடக் கணக்கில் நீட்டினார். ஹிப்-ஹாப் இசை பிறந்த நாளாக அந்த ஆகஸ்டு 11-ஐயே இன்று கொண்டாடுகின்றனர்.

ராப் இசைத்தட்டுகள் 1979-இல்தான் கடைகளில் பரவலாக விற்கத் தொடங்கின. அதற்கு முன்பே பிராங்ஸ் விருந்துகள் ஒலிநாடாக்களில் பதிவாகிக் கைமாறி வந்தன. ஒரு நாடாவிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று படியெடுக்கப் படியெடுக்க இரைச்சல் கூடிக்கொண்டே போகும். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் கேட்டார்கள். அவற்றின் அட்டையில் பெரும்பாலும் டி.ஜே.யின் பெயரும் தேதியும்தான் இருக்கும், பாடற்பட்டியல் இராது. எண்ணுவதற்குப் பட்டியல் இல்லாததால், காதால் கேட்டே தரம் பிரித்தார்கள். அந்தப் பழைய அளவுகோலே சரியானது என்பது என் கருத்து.

எதைக் கேட்டார்கள்? இணைப்பைக் கேட்டார்கள். அது எளிய வேலை என்று எண்ணுவோர் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். நிமிடத்துக்கு 90 அடி விழும் பாட்டு ஒன்று. 96 அடி விழும் பாட்டு ஒன்று. இரண்டையும் அப்படியே சேர்த்து ஒலித்தால், கல்லும் முள்ளுமான பாதையில் இரண்டு மாட்டுவண்டிகள் ஓடுவது போலிருக்கும். முதற்பாட்டின் வேகத்தை ஏறத்தாழ 6.7 விழுக்காடு கூட்டினால்தான் இரண்டும் ஒரே நடைக்கு வரும். 1979-இல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 என்னும் சுழற்கருவியில் வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நெம்புகோல் உண்டு. ஆனால் வேகம் கூடினால் சுருதியும் ஏறும்; ஆறு விழுக்காட்டுக்கு ஏறத்தாழ அரைச்சுரம். ஆகவே பாடகரின் குரல் கிளிக்குரலாகாமலும் தாளம் பிசகாமலும் நடுவே ஓர் இடம் பிடிக்க வேண்டும். அதன்பிறகு, முதற்பாட்டின் வாக்கியம் முடியும் அடியில் இரண்டாம் பாட்டின் வாக்கியம் தொடங்க வேண்டும். ஓர் அடி முந்தினாலும் பிந்தினாலும் காது காட்டிக் கொடுத்துவிடும். கணிப்பொறி வருமுன் இவ்வளவையும் கையாலேயே செய்தார்கள். கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் 1981-இல் மூன்று சுழற்கருவிகளைக் கொண்டு ஒரு முழு இசைத்தட்டையே இவ்விதம் பதிவு செய்தார். பாதி வழியில் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை அது.

இணைப்பிலும் பல வகை உண்டு. ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த ரான் ஜி 1990களின் தொடக்கத்தில் ஒரு பாட்டின் குரலை எடுத்து, வேறொரு பாட்டின் தாளத்தின் மேல் அமர்த்தினார். காதலால் உருகிய குரலொன்று தெருச்சண்டைத் தாளத்தின் மேல் ஒலித்தபோது, இரண்டு பழைய பாடல்களிலும் இல்லாத மூன்றாவது ஒன்று பிறந்தது. இதில் புதுப் பாட்டு எத்தனை என்று கேட்டால் 'ஒன்றுமில்லை' என்பதே நேர்மையான விடை. கேட்டவர்களோ அதைப் புதிது என்றே சொன்னார்கள்.

புதுமைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களில் குவீன்ஸ் பகுதியின் டி.ஜே. குளூ, இன்னும் வெளிவராத பாடல்களை எப்படியோ முன்னரே பெற்றுத் தம் நாடாக்களில் சேர்த்தார். பாட்டின் நடுவே எதிரொலியுடன் தம் பெயரைக் கூவவும் செய்தார். அவர் நாடாவை வாங்கியவர்கள் இணைப்புக்காக வாங்கவில்லை. செய்தித்தாள் வாங்குவது போல வாங்கினார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். வானொலியில் வராத பாட்டு அன்று அந்த நாடாவில் மட்டுமே கிடைத்தது. காசு கொடுத்தவர் 'என்ன புதிது?' என்று கேட்பது முறைதானே! ஆனால் நேற்றைய செய்தித்தாளின் கதி என்னவென்று நமக்குத் தெரியும். இன்றோ எந்தப் பாட்டும் கைப்பேசியில் விரல் தொடும் தூரத்தில் இருக்கிறது. புதுமையை அளவுகோலாக்கிய காரணம் மறைந்துவிட்டது. அளவுகோல் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது.

கூவலைப் பற்றி ஒரு சொல். கேட்போரில் பாதிப்பேருக்கு அது பிடிப்பதில்லை. எனக்கும் இரு மனம். செய்தவர் தம் பெயரைப் பொறிப்பதில் தவறில்லை. அதைப் பாடகர் சொல்லின் மேலேயே பொறிப்பதுதான் தாங்கவில்லை.

புதுமைக்கு நேர் எதிரான சான்று டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் இருக்கிறது. டி.ஜே. ஸ்க்ரூ என்று அறியப்பட்ட ராபர்ட் ஏர்ல் டேவிஸ் 1971-இல் பிறந்தவர். அவர் வேகத்தைக் கூட்டவில்லை, குறைத்தார். பாட்டு ஆமைநடை போடும். குரல் கிணற்றடியிலிருந்து வருவது போல் கனக்கும். ஒரு சொல் இருமுறை திரும்பி வந்து நெஞ்சில் தட்டும். இரவில் தம் வீட்டிலேயே பதிவு செய்வார். நாடா வாங்க வந்தோரின் கார்கள் வாசலில் வரிசை கட்டி நிற்கும். 1996-இல் நண்பர் ஒருவரின் பிறந்த நாளுக்காக அவர் பதிவு செய்த நாடாவுக்கு 'ஜூன் 27' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் பேர்போன பகுதி, வேறொரு குழுவினர் முன்பே வெளியிட்டுவிட்ட பாட்டின் தாளத்தை மெதுவாக ஓடவிட்டு, அரைமணி நேரத்துக்கும் மேலாக நண்பர்கள் மாறி மாறிச் சொற்கட்டுப் பாடுவது. அண்ணனின் கணக்குப்படி அதன் மதிப்பெண் சுழியம். ஆனால் ஹூஸ்டன் மக்கள் இன்றும் ஜூன் 27 வந்தால் அதை எடுத்து ஒலிக்கிறார்கள். ஸ்க்ரூ 2000 நவம்பரில், 29 வயதில், கோடீன் மருந்தை அளவுமீறி உட்கொண்டதால் இறந்தார். அந்த வருத்தத்தை மறைத்து அவர் கலையை மட்டும் புகழ எனக்கு மனமில்லை. அவர் வைத்திருந்த இசைத்தட்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஹூஸ்டன் பல்கலைக்கழக நூலகம் பாதுகாத்து வருகிறது. அந்த இசைத்தட்டுகள் வேறு பல வீடுகளிலும் இருந்திருக்கும். நூலகம் அவற்றைத் தேடி வாங்கவில்லை.

பெற்றோரும் அருட்சகோதரியரும் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்கக்கூடும். இத்தகைய நாடாக்கள் பலவற்றில் வீட்டில் உரக்கச் சொல்லக்கூடாத சொற்கள் இல்லையா? உண்டு; அதை நான் மறுக்கவில்லை. நான் கேட்பவற்றை அம்மா அறிவார். சிலவற்றை நிறுத்தச் சொல்லியும் இருக்கிறார். சொல் கெட்டது என்றால் அந்தச் சொல்லைக் குறை கூறுவோம். தையலைப் பற்றிய தீர்ப்பையும் துணியைப் பற்றிய தீர்ப்பையும் நம் தையலாசிரியை ஒருபோதும் கலந்து சொன்னதில்லை.

எண்ணிக்கையால் அளப்பது வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிட முடியாதபடி ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2007 ஜனவரி 16 அன்று அட்லாண்டா நகரில் டி.ஜே. டிராமா, டான் கேனன் என்னும் இருவரைக் காவல் துறையினர் கைது செய்தனர். இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் அச்சோதனைக்குத் துணை நின்றது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குறுந்தகடுகளும், பதிவுக் கருவிகளும், கார்களும் பறிமுதலாயின. கும்பலாகக் குற்றம் புரிவோர் மீது பாயும் சட்டம் அவர்கள் மீது பாய்ந்தது. வேடிக்கை என்னவெனில், அத்தகடுகளில் பாடிய பாடகர்கள் பலர் தாங்களே விரும்பி வந்து அவருக்காகப் பாடியவர்கள். இசை நிறுவனங்களும் தங்கள் பாடகர்களுக்கு விளம்பரம் கிடைக்கும் என்று மிக்ஸ்டேப்புகளை உள்ளூர வரவேற்று வந்தன. கைதான அதே ஆண்டின் டிசம்பரில், பெரிய இசை நிறுவனம் ஒன்றே டிராமாவின் தொகுப்பை வெளியிட்டுக் கடையில் விற்றது!

பாடலைப் படைத்தவருக்கு அதற்குரிய ஊதியம் சேர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உரிமை பெறாமல் விற்பது சரியென்று வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் அன்று அந்தத் தகடுகளை எண்ணியவர்கள் கேட்ட கேள்வியும் என் அண்ணன் கேட்ட கேள்வியும் ஒன்றுதான்: 'இதில் யாருடைய பாட்டு எத்தனை?' அந்த ஒரே கேள்வியால் அளந்தால் டி.ஜே. என்பவர் படியெடுத்து விற்பவர் மட்டுமே. தேர்வும் வரிசையும் இணைப்பும் கணக்கில் வாரா. உரிமைத் தொகையைப் பங்கிடும்போது ஒருவருக்கும் அநியாயம் இல்லாமல் பங்கிட வேண்டுமானால், இணைத்தவர் செய்தது என்ன என்பதையும் முதலில் யாராவது காதால் கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் கேட்போர்தாம். அவர்களே எண்ணத் தொடங்கிவிட்டால் காவல் துறை எண்ணியதைக் குறை சொல்லி என்ன பயன்? 2021-இல் டைலர் என்னும் ராப் பாடகர் தம் இசைத்தொகுப்பு முழுவதும் அதே டிராமாவைக் குரல்கொடுக்கச் செய்தார். அத்தொகுப்பு 2022-இல் கிராமி விருது பெற்றது. ஒரு காலத்தில் கைவிலங்கு மாட்டிய அதே வேலைதான்.

பூவோடு சேர்ந்து நாரும் மணக்கும் என்பார்கள். நான் நாரைக் கேட்கச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த சோதனை இது: பட்டியலைப் பாராமல் தொகுப்பை இருமுறை முழுதாகக் கேட்க வேண்டும். பிறகு நடுவிலிருந்து ஒரு பாட்டை மனத்தால் உருவிவிட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் பள்ளம் தெரிந்தால் அது தொகுப்பு. தெரியாவிட்டால் அது குவியல். ஐந்து பாட்டு இருந்தாலும் சரி, ஐம்பது இருந்தாலும் சரி.

இவ்வளவையும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் அண்ணனிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, "பழசு பழசுதான்" என்றார். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோடையில் அவர் சிரித்த அதே தொகுப்பை ஓடவிட்டேன். கால்மணி நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு திடீரென்று தலை நிமிர்ந்து, "இது வேறு பாட்டு அல்லவா? எப்போது மாறியது?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். இருவருமாகப் பின்னோக்கித் தள்ளித் தேடினோம். நாலைந்து முறை தேடியும் இடம் அகப்படவில்லை; அதற்குள் பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.