திரைப்பதிவில் நிறம் பிறழ்தல்

கணினித் திரையிற் காண்பதை அவ்வாறே வீடியோவாகப் பதிந்து பிறர்க்கு அனுப்புதல் ஆசிரியரிடத்தும் மாணவரிடத்தும் இந்நாளிற் பெருவழக்காயிற்று. அங்ஙனம் பதிந்ததை ஓடவிட்டு நோக்குங்கால் கருமை சாம்பலாகவும், வெண்மை மங்கியும், செவ்வெழுத்துக்கள் கலங்கியும் தோன்றுவதுண்டு. உடனே பலர் செய்வது யாது? பதிவின்மேல் நிறத்தையும் ஒளியையும் கூட்டி மறைத்தலே. இது நோய்முதல் நாடாது மருந்திடுதலாம் என்பது எமது துணிபு.

இப்பிழை பெரும்பாலும் கருவியின் பழுதன்று. எழுதும் மென்பொருளுக்கும் படிக்கும் மென்பொருளுக்கும் உடன்பாடின்மையே. கணினித் திரை செம்மை, பசுமை, நீலம் என்னும் ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரையுள்ள எண்களாற் குறிக்கும். வீடியோ மரபோ கருமையை 16 என்றும் வெண்மையை 235 என்றும் கொள்ளும். இக்குறுகிய அளவிற் பதிந்ததை முழு அளவென்று கொண்டு காட்டினால் கருமை சாம்பலாகும். முழு அளவிற் பதிந்ததைக் குறுகியதென்று கொண்டால் நிழலிலுள்ள நுட்பங்கள் இருளில் மறையும். இனி, ஓ.பி.எஸ். ஸ்டூடியோ என்னும் மென்பொருள் இயல்பாகக் கைக்கொள்ளும் என்.வி.12 முறையில் ஒளியளவு புள்ளிதோறும் உண்டு. நிறக்குறிப்போ நான்கு புள்ளிகளுக்கு ஒன்றே. நீலத்தின்மேல் மெல்லிய செவ்வெழுத்துக் கலங்குவது இதனாலேயாம்.

ஆதலின் முறையாக ஆராய்தல் வேண்டும். கருமை, வெண்மை, சாம்பல், செம்மை, பசுமை, நீலம் ஆகிய கட்டங்கள் கொண்ட படமொன்றைத் திரையிலிட்டுச் சிறிது நேரம் பதிக. அதனை இருவேறு மென்பொருள்களில் ஓடவிடுக. ஒன்றில் மட்டும் பிழை தோன்றின், குறை காட்டும் மென்பொருளினதாதல் கூடும். இரண்டிலும் தோன்றின் பதிவின் அமைப்பை ஐயுறுக. கருங்கட்டத்தின் எண் 0 என்று இராது 16 என்று இருப்பின், குற்றம் அளவின் வேறுபாடே. திரையில் எச்.டி.ஆர். அமைப்பு இயங்கினும் சாதாரணப் பதிவு வெளிறுவதுண்டு. அதனை நிறுத்திப் பார்க்க. ஒருகால் ஓர் அமைப்பையே மாற்றுக. பலவற்றை ஒருங்கே மாற்றுவோன் எது குணப்படுத்தியது என்பதை அறியான். எழுத்துக் கலக்கத்திற்கோ, எழுத்தைப் பெரிதாக்கி நிறம் மாற்றுதலே எளிய வழி.

"சிறு நிறவேறுபாட்டால் வருவது என்ன?" என்பாரும் உளர். லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தையும், நிலப்படத்தின் வண்ணக் குறிகளையும் பதிவொன்றாலேயே கற்கும் மாணவனுக்கு நிறமே பாடமாம். அவன் மூலத்தைக் கண்டவனல்லன். ஆகவே பிழையையும் பிழையென்று உணரான். அனுப்புமுன் அரை நாழிகை சோதித்தல் பதிவோரது கடமை. மாணவ நண்பர்களே, பூசி மறைப்பதை விடுத்து மூலத்தை நாடுமின்!