ஸ்டில்லுக்கு அப்புறம் ஒரு கமா

போன மாசம் ஒரு சனிக்கிழமை முழுக்க டேமேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். காரணம் ஒரே ஒரு ஆங்கில வார்த்தை. ஆணி புடுங்குற மக்கள் எல்லாருக்கும் உபயோகப்படும்னு எழுதறேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு கிளையண்ட் சர்வர்ல ஒரு பேட்ச் போட்டுட்டு மெயில் தட்டினேன். "தி பேட்ச் இஸ் இன் பிளேஸ். ஸ்டில் வீ ஆர் டெஸ்டிங் இட்." நான் சொல்ல நினைச்சது, 'பேட்ச் போட்டாச்சு, இன்னும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கோம்.' அதாவது, கை வைக்காதீங்க சாமி! அனுப்பும்போது கிராமர் பார்க்குற மென்பொருள் 'ஸ்டில்'லுக்கு அப்புறம் ஒரு கமா போடச் சொன்னது. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போட்டேன்.

அந்தப் பக்கம் படிச்சவருக்குப் புரிஞ்சது வேற. 'பேட்ச் போட்டாச்சு. இருந்தாலும், ஒரு திருப்திக்கு டெஸ்டும் பண்ணிக்கிறோம்.' வேலை முடிஞ்சதுன்னு நினைச்சு எல்லா யூசருக்கும் திறந்து விட்டுட்டார். காலையில பார்த்தா பாதி இன்வாய்ஸ்ல வரி ரெண்டு தடவை ஏறியிருக்கு.

அவர் மேல தப்பே இல்லைங்க. 'ஸ்டில்' ரெண்டு வேலை பார்க்குற வார்த்தை. வினைக்குப் பக்கத்துல உட்கார்ந்தா, "வீ ஆர் ஸ்டில் டெஸ்டிங்", அது 'இன்னும்'. முழு வாக்கியத்துக்கு முன்னாடி கமாவோட நின்னா 'இருந்தாலும்'. உட்காருற இடம்தான் அர்த்தம். 'யெட்'டும் இதே கேஸ்தான்.

நமக்கு இது ஏன் உறைக்கறதில்லை? தமிழ்ல 'இன்னும் பஸ் வரலை', 'பஸ் இன்னும் வரலை', 'பஸ் வரலை இன்னும்', எப்படிச் சொன்னாலும் பஸ் வரலை, அவ்ளோதான். முரணைச் சொல்லணும்னா அதுக்கு 'இருந்தாலும்' தனியா இருக்கு. இல்லேன்னா ஒரு 'உம்' போதும். 'மழை பெஞ்சாலும் மேட்ச் நடந்தது.' அந்த 'உம்' வினையோட ஒட்டிக்கிட்டே இருக்கும், வாக்கியத்துல எங்கே தூக்கிப் போட்டாலும் அர்த்தம் கூடவே போகும். அந்தப் பழக்கத்துல ஆங்கிலத்தையும் இஷ்டத்துக்கு அடுக்கறோம்.

பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுக்கலையான்னு கேட்டா, கொடுத்தாங்க. 'இன் ஸ்பைட் ஆஃப்' போட்டா சிம்பிள், 'தோ' போட்டா காம்ப்ளெக்ஸ், 'பட்' போட்டா காம்பவுண்ட். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பரீட்சையில மார்க் வாங்க அது போதும். எந்த வார்த்தையை எங்கே வச்சா படிக்கிறவன் என்ன நினைப்பான்னு மட்டும் யாரும் சொல்லலை.

அந்த மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி என்னைத் தவிர இன்னும் ரெண்டு பேர் படிச்சாங்க. ரெண்டு பேரும் தமிழ் ஆளுங்க. ஒருத்தருக்கும் உறுத்தலை, ஏன்னா மூணு பேருமே அதைத் தமிழ்லதான் படிச்சிருக்கோம்! 'மைசெல்ஃப் ஃப்ரம் மதுரை'ன்னு ஒருத்தன் சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அதுல யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. நிஜமாவே கவுக்கிற தப்பு கண்ணுக்கே தெரியறதில்லை.

'ஹவ்எவர்' இன்னொரு தலைவலி. "தி பில்ட் பாஸ்டு, ஹவ்எவர் தி டெஸ்ட் ஃபெயில்டு" தப்பு. நம்ம 'ஆனால்' கமாவுக்குப் பின்னாடி ஜம்முனு உட்காரும். 'பட்'டும் உட்காரும். 'ஹவ்எவர்' அப்படி ரெண்டு வாக்கியத்தை ஒட்ட வைக்காது. அதுக்கு முன்னாடி முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேணும், பின்னாடி கமா வேணும். 1959-ல ஒயிட் திருத்திக் கொண்டுவந்த ஸ்ட்ரங்கின் 'தி எலிமெண்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்', 'இருந்தாலும்'ங்கிற அர்த்தத்துல ஹவ்எவரை வாக்கியத்தோட முதல்ல வைக்கவே வேண்டாம்னுது. இன்னிக்குப் பலரும் அதை மதிக்கறதில்லை. என்னைக் கேட்டா, ஆபீஸ் மெயிலுக்கு 'பட்' போதும். 'நெவர்தலெஸ்' எல்லாம் கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போற கோட்டு மாதிரி.

ஏன் இப்படி ஆச்சுன்னு கிளையண்டுக்கு ஒரு ரிப்போர்ட் அனுப்பணும். 'கம்யூனிகேஷன் கேப்'னு பொத்தாம்பொதுவா எழுதி டேமேஜருக்குக் கொடுத்தேன். அவர் திருத்தி, மேல ஒரு வரி சேர்த்து அனுப்பிட்டார்:

"ஸ்டில் வீ ஆர் அனலைசிங் தி இஷ்யூ."

நான் வாயே திறக்கலை :-)