நோயும் உருவகமும்: ஒரு மறுப்பு

விஞ்ஞான யுகத்தில் நோய்க்கு உருவகம் எதற்கு என வினவுவோர் உளர். நோய் உடலில் நிகழும் ஒரு மாற்றம். அதற்குக் காரணமும் சிகிச்சையும் உண்டு. ஏனையவை யாவும் மூடுதிரை என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தின் வலிமைமிக்க வடிவத்தை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்ராக் 1978இல் வெளியிட்ட ‘நோய் எனும் உருவகம்’ என்ற நூலிற் காணலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற அனுபவத்தின் பின் எழுதப்பட்ட அந்நூல், சயரோகத்தை மென்னுணர்வின் அடையாளமாகவும் புற்றுநோயை அடக்கப்பட்ட உணர்ச்சியின் விளைவாகவும் சித்திரித்த போக்கைக் கண்டித்தது. நோயாளியின் குணமே நோய்க்குக் காரணம் என்னும் கருத்தின் கொடுமையை அவர் வெளிப்படுத்தியமை பாராட்டத்தக்கதே.

ஆயின், உருவகங்களைக் களைந்துவிடுவதே நோயை எதிர்கொள்ளும் நேர்மையான வழி என்ற அவரது முடிவு ஏற்கத்தக்கதன்று. நோயைப் பிறிதொரு நாட்டின் குடியுரிமையாக உருவகித்தே அவரும் தமது நூலைத் தொடங்குகிறார். கத்தியின்றிக் குத்துகிறது, நெருப்பின்றி எரிகிறது என்றுதான் நோயாளி வைத்தியரிடம் முறையிடுகிறார். உருவகத்தைப் பறித்தால் அவருக்கு எஞ்சுவது முனகல் மட்டுமே. எனவே உருவகம் வேண்டுமா என்பதன்று வினா. அது நோயாளிக்கு என்ன செய்கிறது என்பதே வினா.

ஈழத்துத் தமிழர் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும். வைசூரியும் கொப்பளிப்பானும் ‘அம்மாள் வருத்தம்’ எனப்பட்டன. வேப்பிலை சூழப் படுத்திருந்தவர் அம்மாள் வந்து தங்கிய உடலாக மதிக்கப்பட்டார். மட்டக்களப்புப் பிரதேசக் கண்ணகி கோயில்களில் வைகாசியில் நிகழும் குளிர்த்திச் சடங்கில் அம்மனின் வெம்மையைத் தணிக்க ஊரே கூடுகிறது. வெம்மை ஊருக்குப் பொதுவாயிற்று; பழி தனியொருவர் தலையில் விழவில்லை. இவ்வுருவகம் வைசூரியை ஒழித்தது என எவரும் கூறார். உலகம் அந்நோயினின்று விடுபட்டதென 1980இல் அறிவிக்கப்பட்டமைக்கு அம்மைப்பால் குத்தியதே காரணம். தெய்வக் குற்றம் என அஞ்சி மருந்தை மறுத்தோரும் இருந்தனர் என்பதை மறைத்தலும் தகாது. எனினும், மருந்து எட்டாத காலத்தில் நோயாளியின் மதிப்பைக் காத்தது அவ்வுருவகமே.

இதே சமுதாயம் குட்டநோயை முற்பிறப்பின் வினைப்பயன் என்றது. அவ்வுருவகம் நோயாளியைக் குற்றவாளியாக்கியது. 1873இல் ஹான்சன் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இன்று மருந்துகள் அதனைக் குணப்படுத்துகின்றன. ஆயினும் அந்நோயின் பெயர் இன்னமும் வசைச்சொல்லாக வழங்குகிறது.

வினைப்பயனைப் பழமைவாதம் என எள்ளும் கற்றோர், போர் உருவகத்தைத் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். 1971இல் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் கைச்சாத்திட்ட புற்றுநோய்ச் சட்டம் ‘புற்றுநோய்க்கெதிரான போர்’ எனப் பெயர் பெற்றது. இன்று ஒருவர் அந்நோயால் இறப்பின் ‘போராடித் தோற்றார்’ என எழுதப்படுகிறது. போர் என எண்ணுவதில் ஊக்கம் பெறும் நோயாளியும் உண்டு. அவர் தாமே தெரிந்த படிமத்தைப் பறித்தல் தகாது. ஆனால், பிறர் அதனை அவர்மீது சுமத்தும்போது, மருந்து பலிக்காமற் போனமை நோயாளியின் கோழைத்தனமாகிவிடுகிறது. வினைப்பயனுக்கும் இதற்கும் வேறுபாடு யாது? இரண்டும் நோயுற்றவர் மீதே பழியைச் சுமத்துகின்றன.

ஆகவே, கற்றோர் கடன் உருவகங்களை ஒழிப்பதன்று. பழி சுமத்தும் உருவகங்களை இனங்கண்டு எதிர்ப்பதே. வைத்தியர் மருந்து கூறுமுன் நோயாளி தம் நோய்க்கு என்ன பெயரிடுகிறார் என்று கேட்கட்டும். அப்பெயர் சிகிச்சையைத் தடுக்காதவரை அதனைத் திருத்தும் உரிமை எவருக்கும் இல்லை.