இரசக் குப்பிக்குள் ஒரு மலைநாடு



பதுளைத் தோட்டப்புறங்களில் விளைவது தேயிலை, திராட்சை அன்று. நம் பலிபீடத்துக்கு வரும் திராட்சை இரசம் தொலைவிலிருந்தே வந்து சேருகிறது. அதன் பின்னாலும் மலைச்சரிவில் கூன் விழுந்த முதுகுகள் உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. அதனால்தான் இவ்வாரம் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள மதீராத் தீவைக் குறித்து எழுதுகிறோம்.

அத்தீவு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதன் தலைநகரான புஞ்சாலில் 1514 இல் மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. 1534 இல் கோவா மறைமாவட்டம் உருவாகும்வரை, போர்த்துக்கேயர் சென்ற கீழைத்தேயக் கரைகளெல்லாம் அதன் ஆளுகைக்கு உட்பட்டிருந்தன.

இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல்கள் அங்கே இரசப் பீப்பாய்களை ஏற்றிச் சென்றன. வெப்பக் கடல்களைக் கடந்தபோது கெட்டுப்போயிருக்க வேண்டிய இரசம், முன்னிலும் சுவைபெற்றுத் திரும்பியது. நெடும்பயணத்தைத் தாங்குவதற்காகத் திராட்சையிலிருந்து வடித்த மதுசாரத்தை அதில் சேர்க்கும் வழக்கம் 18 ஆம் நூற்றாண்டில் பரவியது. இன்று கப்பலுக்குப் பதிலாக, வெயிலில் காயும் கூரையின் கீழ்ப் பீப்பாய்களை ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள். உயர்ந்த வகை இரசம் 20 ஆண்டுகளேனும் மரப்பீப்பாயில் கிடக்கவேண்டும். 1811 இல் தொடங்கிய பிளாண்டி குடும்பத்தின் நிறுவனம் இன்றும் இம்முறையைக் கைக்கொள்கிறது. ஊவாத் தேயிலையின் மணமும் ஏறக்குறைய இத்தகையதே. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று கொழுந்தை வாட்டுவதனால் அல்லவா அது பிறக்கிறது!

இங்கே ஒரு சொல். விடுமுறைக்கு வரும் உறவினர் விலையுயர்ந்த போத்தலொன்றைப் பூசைக்கென்று கொடுப்பதுண்டு. திருச்சபைச் சட்டத்தின்படி இரசம் திராட்சையிலிருந்து பெறப்பட்டதாகவும், இயற்கையானதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும். மதுசாரம் சேர்ப்பதாயின் அதுவும் திராட்சையினதாக இருக்கவேண்டும். மொத்த அளவு 18 சதவீதத்தைத் தாண்டலாகாது என்பது 1896 இல் உரோமை வகுத்த வரம்பு. மதீரா இரசங்கள் பல இதனைத் தாண்டுகின்றன. ஆகவே கொடுக்குமுன் குருவானவரைக் கேளுங்கள்.

அந்த இரசத்தை உண்டாக்கியவர் யார்? செங்குத்தான மலையில் கல் அடுக்கிப் படிநிலங்கள் அமைத்தவர்கள். பாறையை வெட்டி நீர்க்கால்வாய்களை இழுத்தவர்கள். ஆட்டுத்தோற் பைகளில் இரசத்தை நிரப்பித் தோளில் சுமந்து இறங்கியவர்கள். அவர்களுள் வறியோர் 1835 முதல் பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். மூன்றாண்டுகளில் அதே கயானாவுக்கு இந்தியக் கூலிகளும் கொண்டுவரப்பட்டனர். 1850 களில் பூஞ்சண நோயும், 1872 இல் வேர்ப்பூச்சியும் மதீராவின் கொடிகளை அழித்தன. இங்கோ 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது; அதன்பின் நம் முன்னோரின் கைகள் தேயிலைக்குத் திருப்பப்பட்டன.

போத்தலின் சீட்டில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் உண்டு. சுமந்தவரின் பெயர் இல்லை. தேயிலைப் பொதியிலும் ஊவா என்று பொறிக்கிறார்கள், பறித்தவளை யாரும் பொறிப்பதில்லை. 2023 இல் மலையகம் 200 ஐ நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டு முதிர்ந்த அந்த உழைப்புக்கு இன்னும் குடியிருக்கும் காணியே பலருக்குச் சொந்தமில்லை.

காணிக்கைப் பவனியில் இரசக் குப்பியை ஏந்திவரப் பல ஆலயங்களில் பங்கின் முக்கியஸ்தர்களே அழைக்கப்படுகிறார்கள். வரும் ஞாயிறு அதனைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கையில் கொடுக்கும்படி உங்கள் பங்குச் சபையிடம் கேளுங்கள்.